ஐந்தருவியில் ஒலித்த இசைத்தட்டுகள்

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906ஆம் ஆண்டு பிறந்து 1933ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார். இருபத்தேழு ஆண்டுகளே வாழ்ந்த அந்த நாடகப் பாடகர் எந்தத் திரைப்படத்திலும் தோன்றியவரல்லர். அவருடைய நாடகத்தை நேரில் கண்டவர்களும் மறைந்துவிட்டனர். ஆயினும் அவர் குரல் எத்தகையது, எவ்வளவு உயர்ந்த சுருதியில் அது தங்குதடையின்றி ஏறி நின்றது என்பதை இன்றும் நம்மால் சொல்ல முடிகிறது. அவர் பாடிய இசைத்தட்டுகள் சில எஞ்சியிருப்பதே அதற்குக் காரணம்.

தமிழ் முஸ்லிம்களின் பாடல்களைப் பற்றி எழுதப் புகுந்த நாம் கிட்டப்பாவிலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பளிக்கலாம். குற்றாலத்து மலையடிவார ஊர்களில் கிராமபோன் பெட்டி முதன்முதலில் நுழைந்த காலத்தில், அதனோடு வந்த தட்டுகள் பெரும்பாலும் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடியவையே என்று நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். செங்கோட்டை 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலிச் சீமையில் இருந்தன. அரசுகள் வேறாயினும் பாட்டுக்கு எல்லைச் சாவடி ஏதும் இல்லை. சொந்தமாக ஓர் இசைத்தட்டு இல்லாதிருந்த நம் சமுதாயம் அண்டை வீட்டுத் தட்டையே ஆர்வத்தோடு கேட்டது. பின்னர் நமக்கென்று தட்டுகள் வந்தன. அவை நம் இல்லங்களில் என்ன செய்தன, எதைத் தந்தன, எதைக் கொண்டுபோயின என்பதே இங்கே நாம் ஆராய விரும்புவது.

தட்டு வருவதற்கு முன் நம்மிடம் பாட்டு இல்லாமல் இல்லை. தக்கலையில் அடங்கியிருக்கும் மெய்ஞ்ஞானி பீர் முகம்மது அப்பா அவர்கள் தென்காசியில் பிறந்தவர்கள் என்பதை இவ்வூர் முஸ்லிம்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வர். நெசவு செய்து வாழ்ந்த அப்பெருமகனாரின் பாடல்களுள் ‘ஞானக்குறம்’ என்பதும் ஒன்று. குறம் என்னும் வடிவம் குற்றாலத்துக்கு அந்நியமானதன்று. திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சியைப் பாடியது இந்த மலையைப் பற்றித்தான். மலைக்குறத்தி குறி சொல்லும் அதே வடிவத்தில் நம் ஞானியார் இறைஞானத்தை வைத்துப் பாடினார்கள். அவர்களுடைய ‘ஞானப்புகழ்ச்சி’ தக்கலையில் ரஜப் மாத விழா இரவில் விடிய விடியக் குழுவாகப் பாடப்படுகிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணமோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. அதைப் பல இரவுகள் வைத்துப் படித்துப் பொருள் சொல்லுவர். இவற்றோடு கிஸ்ஸாக்கள், மசலாக்கள், நாமாக்கள், முனாஜாத்துகள் எனத் தமிழில் வேறெவரிடத்தும் இல்லாத வகைகள் நம்மிடம் உண்டு. மௌலூது ஓதும் சபைகளும் தஃப் முழக்கிப் பாடும் பைத்துச் சபைகளும் ஊர்தோறும் இருந்தன. பெண்களும் பாடினர், பாடியதோடு நில்லாமல் இயற்றவும் செய்தனர். கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள், தென்காசி ரசூல் பீவி ஆகிய மூவரின் பெயர்களையும் நம் வீட்டுப் பெண்மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஓர் இயல்பு இருந்தது. அவை நீண்டவை. கேட்பவர் கூடியிருந்து, நேரம் ஒதுக்கி, உடன் சேர்ந்து பாடிக் கேட்பவை. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே மதிலொன்றும் இருக்கவில்லை.

அந்த நிலையில்தான் இயந்திரம் வந்தது. 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்து இந்தியக் குரல்களைப் பதிவு செய்தார். அன்று பதிவானவர்களுள் மிகுந்த புகழ் பெற்றவர் கௌஹர் ஜான் என்னும் முஸ்லிம் பாடகி. பின்னாளில் மைசூரில் வாழ்ந்து 1930ஆம் ஆண்டு அங்கேயே காலமானவர். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அவர் வழக்கம். அது பெருமைக்காக மட்டும் சொல்லப்பட்டதன்று. பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே தட்டாக வார்க்கப்பட்டன. மொழி அறியாத அங்குள்ள தொழிலாளர் எந்தத் தட்டு எவருடையது என்று அறிய அந்த அறிவிப்பு உதவியது. பாடியவரின் பெயர் தட்டிலேயே பதிந்துவிட்ட இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் தேவை வரும்.

அந்தத் தட்டுகள் எதனால் ஆனவை என்பதும் அறியத்தக்கது. அவலரக்கு என்று நம் கடைவீதிகளில் விற்கப்படும் அதே அரக்குத்தான்; மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது. அதை உலகுக்கு வழங்கிய தலையாய நாடு இந்தியா. அரக்கோடு கல்தூளும் கரியும் கலந்து வார்த்த தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். எஃகு ஊசி சீக்கிரம் தேய்ந்துபோகும். தட்டுக்குத் தட்டு மாற்ற வேண்டும். கைதவறிக் கீழே விழுந்தால் அப்பளம் போல் நொறுங்கும். கல்கத்தாவிலேயே 1908ஆம் ஆண்டையொட்டித் தட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டு, பின்னர் டம்டமுக்கு மாறியது. 1925ஆம் ஆண்டுக்குப் பின் மைக்ரோபோன் மூலம் மின்முறையில் பதிவு செய்யும் வழி வந்ததும் தமிழ்நாட்டில் தட்டு வாணிகம் பெருகிற்று. பின்னாளில் ஏவி.எம். படநிறுவனத்தைத் தோற்றுவித்த மெய்யப்பச் செட்டியார் 1930களில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்தவர்.

குற்றால அடிவாரத்து முஸ்லிம் இல்லங்களுக்குப் பாட்டுப் பெட்டி பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. கடையநல்லூர் நெசவாளக் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே சிங்கப்பூருக்குச் செல்லத் தொடங்கிவிட்டன. பிற ஊரார் போல ஆடவர் மட்டும் சென்று மீளாமல் பெண்டு பிள்ளைகளோடு சென்று குடியேறியது அவர்களின் தனிச்சிறப்பு. 1941ஆம் ஆண்டு அவர்கள் அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தோற்றுவித்தார்கள். 1946ஆம் ஆண்டு ஒரு தமிழ்ப் பள்ளி கண்டு அதற்கு உமறுப் புலவர் பெயரை வைத்தார்கள். சிங்கப்பூரில் தமிழ்ப் பள்ளிக்கு உமறுப் புலவர் பெயர் வைத்த சமுதாயம் ஊருக்கு வரும்போது பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்ததில் வியப்பேது? சபர் முடித்துத் திரும்புவோரின் மரப்பெட்டியில் அத்தர்க் குப்பி, கைலி, பீங்கான் கோப்பை இவற்றின் இடையே, துணி சுற்றிப் பத்திரப்படுத்திய நாலைந்து தட்டுகளும் இருக்கும்.

பெட்டி வந்த வீட்டில் வழக்கும் வந்தது. பாட்டுக் கேட்பது மார்க்கத்தில் ஆகுமா என்ற வினாவை எழுப்பாத வீடே இல்லை எனலாம். ஒரு பெருநாளில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததை அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடுமாறு பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. இசைக்கருவிகளைக் கண்டிக்கும் நபிமொழியும் புகாரியிலேயே இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீன் நூலில் இசை கேட்டலுக்கென்றே ஒரு தனிப் பாகம் ஒதுக்கி, எது ஆகும், எது ஆகாது, யாருக்கு எப்போது ஆகும் என்றெல்லாம் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். அறிஞர் பெருமக்கள் தீர்க்காத வழக்கை இக்கட்டுரை தீர்க்கப் போவதில்லை. வரலாற்று நோக்கில் ஒன்று மட்டும் சொல்லலாம். பைத்துச் சபையில் தஃப் ஒன்றே துணையாயிருந்தது. இசைத்தட்டிலோ வாத்தியக் குழு முழுவதும் உடன் வந்தது. ஆகவே பாட்டை ஏற்ற பெரியோரிலும் பலர் தட்டை ஏற்கத் தயங்கினர். நம் இல்லத்திலும் அப்படித்தான். பெட்டியைத் திறந்ததும் நம் பாட்டியார் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார்கள். நாயகத்தைப் பற்றிய பாட்டு முடிந்து ஊசி கரகரக்கும்போது, “அதையே இன்னொரு தரம் போடுங்கம்மா” என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்.

அந்தப் பாட்டைப் பாடிய குரலைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா அவர்கள் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இராமநாதபுரத்தில் பிறந்து, நாகூரைத் தம் ஊராகக் கொண்டு, 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் மறைந்தார்கள். காரைக்கால் எம்.எம். தாவூது, காயல் ஏ.ஆர். ஷேக் முகம்மது முதலிய பாடகர்களும் நம் இல்லங்களில் விரும்பிக் கேட்கப்பட்டவர்களே; அவர்களுக்கெனத் தனித்தனி ரசிகர் கூட்டம் உண்டு. எனினும், ஒரு சமுதாயத்தின் குரல் இதுதான் என்று பிற சமயத்தாரும் அடையாளம் கண்டுகொண்டது ஹனிபா அவர்களின் குரலையே.

அக்குரலின் தன்மையை நாம் நன்றாக உணர்ந்த இடம் ஐந்தருவி. குற்றாலத்துப் பேரருவியிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி, பாறை முகட்டில் ஐந்து கிளையாகப் பிரிந்து ஏறத்தாழ 40 அடி உயரத்திலிருந்து விழும் அருவி அது. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் கட்டிவிட்டால் தென்காசி, கடையநல்லூர், வடகரை ஊர்களிலிருந்து குடும்பங்கள் கூண்டு வண்டியிலும் பேருந்திலும் வந்து இறங்கும். ஆடவர் ஒருபுறமும் பெண்டிர் ஒருபுறமுமாகக் குளித்தெழுந்து, நெய்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. பாதையோரத்துத் தேநீர்க் கடைகளில் சீசனுக்கென்று இசைத்தட்டுப் பெட்டியும் குழாய் ஒலிபெருக்கியும் வைத்திருப்பார்கள். 1962ஆம் ஆண்டு ‘கொஞ்சும் சலங்கை’ வெளிவந்த பின் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் அங்கே ஒலிக்காத நாளில்லை. நெல்லைச் சீமைக்காரரின் வாசிப்பு என்ற உரிமை வேறு.

அருவிக்கு அடியில் நிற்கும்போது எந்தப் பாட்டும் காதில் விழாது. பத்தடி விலகி வந்தால், இரைச்சலைக் கிழித்துக்கொண்டு முதலில் வந்து சேர்வது ஹனிபா அவர்களின் குரலாகவே இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. குழாய் ஒலிபெருக்கி கனத்த தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். நடுத்தரமும் உயர்ந்ததுமான ஒலிகளையே தூரம் எறியும். தண்ணீரின் முழக்கத்துக்குள் மென்மையான குரல்களும் தாழ்ந்த குரல்களும் கரைந்துபோக, உச்சத்தில் நின்று சொல்லை வெட்டி வெட்டி உச்சரிக்கும் குரல் மட்டும் கரையேறிவிடும். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய கிட்டப்பாவின் குரல் எந்தக் கல்வியில் வளர்ந்ததோ, ஏறத்தாழ அதே கல்வியில் வளர்ந்ததே பைத்துச் சபையிலும் திறந்தவெளி மீலாது மேடையிலும் பாடிப் பழகிய இக்குரலும். செங்கோட்டைக்கும் நாகூருக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதாக நாம் கருதுகிறோம். இசைப் புலவர்கள் ஒப்புகிறார்களோ இல்லையோ, அருவிக்கரையில் நின்று கேட்டவர்கள் ஒப்புவார்கள்.

குற்றாலத்திலேயே வாழ்ந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தமிழில் பாடினால்தான் கேட்பவர் உள்ளத்தைத் தொடும் என்று ஓயாமல் வாதிட்டவர். 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதற்குப் பின்னணியாக நின்ற இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். அவ்வியக்கத்தார் கச்சேரி மேடையைப் பற்றியே பேசினர். தமிழ்ப் பாட்டை வேற்று மொழிப் பாட்டிடமிருந்து மீட்கப் போராடினர். அதே காலத்தில் நம் சமுதாயத்தில் மார்க்கப் பாட்டு அரபுப் பைத்துகளிலும் உருதுக் கவாலிகளிலும் நின்றுவிடாமல், எளிய தமிழில், தெருவில் போகிறவருக்கும் விளங்கும்படி மெட்டமைந்து வந்தது. தமிழ் இசை இயக்க வரலாற்றை எழுதியவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் நமக்குச் சிறிது மனக்குறை உண்டு.

ஹனிபா அவர்களின் பாட்டு முஸ்லிம் தெருவைத் தாண்டியதற்கு அரசியலும் ஒரு காரணம். திராவிட முன்னேற்றக் கழகத்தின் மாநாடுகளிலும் தேர்தல் கூட்டங்களிலும் அவர்கள் பாடினார்கள். அப்பாடல்களும் இசைத்தட்டாக வெளிவந்தன. சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் வக்ஃபு வாரியத் தலைவராகவும் பிற்காலத்தில் இருந்தார்கள். ஊர்தோறும் உள்ள மைக்செட்காரர் கட்சிக் கூட்டத்துக்கென வாங்கிய தட்டுகளோடு அதே பாடகரின் மார்க்கப் பாடல் தட்டுகளையும் வாங்கி வைத்தார். அம்மன் கோயில் கொடைக்கு எந்தத் தட்டை முதலில் போடுவது, மாதா கோயில் திருவிழாவுக்கு எது, நிக்காஹ் வீட்டுக்கு எது என்பதில் எந்த மைக்செட்காரரும் தவறியதில்லை. 1961ஆம் ஆண்டு வெளியான ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்து ஹனிபா அவர்கள் பாடிய பெருநாள் பாட்டு, கண்ணதாசன் எழுதி விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தது. நோன்புப் பெருநாளன்று இன்றும் தொலைக்காட்சிகள் அதைத் தேடி எடுத்து ஒளிபரப்புகின்றன. 1992ஆம் ஆண்டின் ‘செம்பருத்தி’யில் இளையராஜா அவர்களைப் பாட வைத்தபோது, அறுபத்தைந்து வயது கடந்தும் அந்தக் குரல் இறங்கவில்லை.

இனி, கௌஹர் ஜானின் கதையை நினைவில் வைக்கச் சொன்னதன் காரணத்துக்கு வருவோம். இசைத்தட்டில் பாடியவர் பெயர் பதிந்தது. எழுதியவர் பெயர் நிலைக்கவில்லை. தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளில் சிற்றெழுத்தில் கவிஞர் பெயர் இருந்தாலும், சுழலும் தட்டில் அதைப் படிப்பார் யார்? ஒலிபெருக்கி அப்பெயரைச் சொன்னதில்லை. ‘ஹனிபா பாட்டு’ என்றே நாம் எல்லாவற்றையும் அழைத்தோம். நாகூர்ப் புலவர் ஆபிதீன், கவிஞர் நாகூர் சலீம் போன்றோர் எழுதிக் குவித்தவை பாடகரின் பெயரிலேயே உலவின. சீறாப்புராணத்தில் விருத்தமாக விரிந்த நிகழ்ச்சியை மூன்று நிமிடத் தட்டுக்குள் பல்லவி, சரணங்களாகச் சுருக்குவது எளிய வேலையன்று. ஹிஜ்ரத்துப் பயணத்தையோ, பிலால் (ரலி) அவர்கள் பட்ட துன்பத்தையோ, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் ஒருமுறை கேட்டே மனத்தில் வைத்துக்கொள்ளும்படி அவர்கள் எழுதினார்கள். மதரஸாவுக்குச் செல்ல வாய்ப்பில்லாத எத்தனையோ பெண்கள் நபிமார் வரலாற்றை முதன்முதலில் அறிந்தது அந்த மூன்று நிமிடங்களில்தான். அப்பெண்களுள் எவரும் கவிஞர் பெயரை அறியார்.

பெண்களைப் பற்றி இன்னும் ஒன்று. மீலாது மேடைக்கு முன்னால் பந்தலில் அமர்ந்தவர்கள் ஆடவர்கள். பெண்டிர் கேட்டது மாடியின் தட்டிக்குப் பின்னால் இருந்து, அல்லது ஒலிபெருக்கி கொண்டுவந்து சேர்த்த அளவுக்குத் தத்தம் அடுக்களையிலிருந்து. இசைத்தட்டும் வானொலியும் அந்தத் தொலைவை ஒழித்தன. 1952ஆம் ஆண்டு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமல் செய்ததும் தமிழ்நாடே இலங்கை வானொலிக்குத் திரும்பியது அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் முஸ்லிம் வீடுகளில் இலங்கையை நாடியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அங்கே முஸ்லிம்களுக்கெனத் தனி நிகழ்ச்சிகள் இருந்தன. நோன்பு மாதத்தில் சிறப்பு நிகழ்ச்சிகள் வரும். 1963ஆம் ஆண்டு திருநெல்வேலியில் வானொலி நிலையம் வந்த பின்னும் பலர் வீட்டில் முள் கொழும்பை விட்டு நகரவில்லை. இஃப்தாருக்குக் கஞ்சி ஆறிக்கொண்டிருக்க, கடலுக்கு அப்பாலிருந்து வரும் பாட்டைக் கேட்டுக்கொண்டே பாங்கை எதிர்நோக்கியிருந்த மாலைகளை அக்காலத்துத் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கிடைத்ததைச் சொன்னோம், போனதையும் சொல்ல வேண்டும். திருமண வீட்டில் மணப்பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து பெண்களே பாடிய பாட்டுகள், தொட்டில் போடும் நாளில் பாடிய தாலாட்டுகள், மருதாணி இரவில் மாறிமாறிப் பாடிய கேள்வி பதில் பாட்டுகள் ஆகியவை ஒலிபெருக்கி வாசலில் கட்டப்பட்ட நாளிலிருந்து மெல்ல மெல்ல ஒடுங்கின. வாசலில் ஹனிபா அவர்கள் பாடும்போது உள்ளே கிழவியார் ஒருவர் எப்படிப் பாடுவார்? பாடத் தெரிந்த பெண்டிர் கேட்கும் பெண்டிராயினர். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த மெட்டுகள் மறைந்து ஒரே தட்டின் ஒரே மெட்டு எங்கும் நிலைத்தது. தென்காசிப் பைத்துச் சபைப் பெரியவர்கள் கூட இறுதிக் காலத்தில் தட்டைக் கேட்டுத் தம் மெட்டைத் திருத்திக்கொண்டதை நாம் கண்டிருக்கிறோம். இதற்கு இசைமுரசு அவர்களையோ கவிஞர்களையோ குறைகூறுவது முறையன்று. எந்தப் பெட்டியும் தன்னோடு வந்ததைக் கொடுத்துவிட்டு, வீட்டில் இருந்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டே போகிறது.

அரக்குத் தட்டின் காலம் 1970ஆம் ஆண்டையொட்டி முடிந்தது. அதற்கு முன்பே நான்கு பாட்டுகள் அடங்கும் 45 சுற்றுத் தட்டும், பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் அடங்கும் நெடுந்தட்டும் வந்துவிட்டன. பின்னர் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலை உயர்வைத் தொடர்ந்து நம் இளைஞர்கள் சிங்கப்பூருக்குப் பதில் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். திரும்பும்போது தோளில் டேப் ரிக்கார்டர் தொங்கியது. ஒலிநாடா மலிவு; பிள்ளைகள் கையிலும் உடையாது; பாட்டை அழித்து வேறு பாட்டைப் பதியலாம். கணவன் தன் குரலைப் பதிந்து மனைவிக்கு அனுப்பிய ஒலிநாடாக்களும் உண்டு. ஹனிபா அவர்களின் பாடல்கள் ஒலிநாடாவில் முன்னிலும் பன்மடங்கு பரவின. பாட்டுப் பெட்டிகள் பரணுக்கு ஏறின. தட்டுகள் சில வீடுகளில் பானை மூடியாயின. குழந்தைகள் விளையாடி உடைத்தவை மிகப் பல. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவர்களும் உண்டு.

எஞ்சியிருப்பவற்றைக் காக்க இன்று வழி இருக்கிறது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் நூல்களோடு இசைத்தட்டுகளையும் திரட்டிவைத்திருக்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நிற்கும். ஆகவே 1950களில் வந்த தட்டுகளின் பதிவுரிமைக் காலம் கடந்துவிட்டது. பாடலை எழுதிய கவிஞரின் உரிமை வேறு. அது அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை அவர் குடும்பத்தாரைச் சேரும். கவிஞர் யார் என்றே தெரியாதபோது அந்த உரிமை யாருக்குப் போய்ச் சேரும் என்பது வேறு வினா. இன்று கைப்பேசியில் ஒரு பாட்டைத் தேடினால் நொடியில் வருகிறது. பாடியவர் பெயர் வருகிறது. ஏற்றியவர் பெயரும் வருகிறது. எழுதியவர் பெயருக்குரிய இடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது, அல்லது தவறாக நிரப்பப்பட்டிருக்கிறது. வட்டத் தாளில் சிற்றெழுத்தில் இருந்த அந்த ஒரு வரி பரணிலுள்ள தட்டில் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும்.

ஆகவே தென்காசி, கடையநல்லூர், மேலப்பாளையம், காயல்பட்டினம், நாகூர் என எவ்வூராயினும், தம் வீட்டுப் பரணில் தட்டுகள் வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகத்தை நிறுத்துவது போல் நேராக நிறுத்தி, ஓட்டுச் சூடு படாத இடத்தில் வைப்பார்களாக. தூசு துடைக்க ஈரத் துணியே போதும்; ஸ்பிரிட் போன்றவற்றைத் தொட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். நடுவிலுள்ள வட்டத் தாளை நனைக்காமல், அதிலுள்ள தட்டு எண், பாடலின் முதலடி, பாடியவர், எழுதியவர், இசைக்குழு ஆகிய விவரங்களை ஒரு தாளில் பார்த்து எழுதிவைப்பார்களாக. எழுத்து மங்கியிருந்தால் வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும். மெட்டு நினைவிருக்கும் மூத்த பெண்டிர் வீட்டில் இருந்தால், தட்டு வருவதற்கு முன் அதே நிகழ்ச்சியை அவர்கள் எந்தப் பாட்டால் பாடினார்கள் என்பதையும் கேட்டு, அதன் பக்கத்திலேயே குறித்துவைப்பது நன்று.